நாற்காலியில் ஒரு விமானப் பயணம்!

குட்டீஸ்! கோவில்பட்டி கரிசல் காட்டின் மேலே பறந்து, கழுகுமலையை ஒரு சுற்றுச் சுற்றிவர ஆசையா? வீட்டு நாற்காலியிலேயே பறக்கலாம்! 'மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்' என்ற கணினி விளையாட்டில் உலகம் முழுவதும் இருக்கிறது. 2020 டிசம்பர் முதல் அதை வி.ஆர். ஹெட்செட் மாட்டிக்கொண்டும் ஆடலாம்.

கண்களை முழுவதும் மறைக்கும் இந்தப் பெரிய கண்ணாடி, ஒவ்வொரு கண்ணுக்கும் சற்றே மாறுபட்ட படத்தைக் காட்டும். மூளை இரண்டையும் இணைக்கும்போது, விமானி அறையில் இருப்பதுபோலவே தோன்றும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும்.

ஆனால், சிலருக்குத் தலை சுற்றும். ஏன் தெரியுமா? விமானம் சாய்வதாகக் கண் சொல்லும். உடலின் சமநிலையை அறியும் உள்காதோ, 'நாம் அசையவே இல்லை' என்னும். மூளை குழம்பிவிடும்!

நிஜ விமானிகளுக்கும் குழப்பம் வரும். மேகத்துக்குள் கண்ணுக்கு எதுவும் தெரியாது, உள்காதும் ஏமாற்றும். அப்போது கருவிகளைத்தான் நம்ப வேண்டும். 1934-ல் அமெரிக்காவில் தபால் கொண்டு சென்ற ராணுவ விமானிகள் பலர் விபத்துகளில் இறந்தனர். மோசமான வானிலை ஒரு முக்கியக் காரணம். அதன்பிறகே, எட்வின் லிங்க் 1929-ல் உருவாக்கிய பயிற்சி இயந்திரத்தை ராணுவம் வாங்கியது. ஆர்கன் இசைக்கருவிக்கான காற்றுத் துருத்திகளால் அசைந்த இயந்திரம் அது!

தலை சுற்றினால் உடனே ஹெட்செட்டைக் கழற்றிவிடுங்கள். வயது வரம்பைப் பார்த்து, பெரியவர்கள் அருகில் இருக்கும்போது மட்டும் பறங்கள்!