ரெசின் ஓடும் வழி

தண்ணீர்மலையில் மழை ஓய்ந்ததும் கவனித்திருப்பீர்கள். எங்கே சுலபமான வழி கிடைக்கிறதோ அங்கேதான் நீர் இறங்கும். வெற்றிட முறையில் கண்ணாடி இழைப் பாகங்களைச் செய்யும்போது ரெசினும் அப்படித்தான். (பிசின் என்றே எழுதியிருக்கலாம், ஆனால் பிசின் என்றதும் வேப்பமரம்தான் நினைவுக்கு வருகிறது!)

அச்சின் மேல் உலர்ந்த இழைத் துணிகளை அடுக்கி, பிளாஸ்டிக் உறை போர்த்தி, ஓரங்களை ஒட்டி அடைத்து, உள்ளிருக்கும் காற்றை பம்ப் மூலம் உறிஞ்சுகிறோம். பிறகு ஒரு குழாயைத் திறந்தால், வெளிக்காற்றின் அழுத்தமே ரெசினை உள்ளே தள்ளும். இன்றைய பெரிய காற்றாலைகளின் இறக்கைகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகின்றன. ரெசின் எட்டாத இடம் வெறும் துணிதான். இறக்கை சுழலும்போது விரிசல் அங்கிருந்தே தொடங்கலாம்.

1856இல் ஹென்றி டார்சி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், டிஜோன் நகரக் குடிநீர் பற்றிய நூலில், மணலினூடே நீர் செல்லும் விதியை வெளியிட்டார். அதே விதி இங்கும் பொருந்துகிறது. நமக்குக் கிடைக்கும் அழுத்தம் அதிகபட்சம் ஒரு வளிமண்டலம், சுமார் 101 கிலோபாஸ்கல். எவ்வளவு விலையுயர்ந்த பம்ப் வாங்கினாலும் அதற்கு மேல் கிடைக்காது. ரெசின் ஓர் ஓரத்திலிருந்து நேராக முன்னேறினால், தூரம் இரு மடங்காகும்போது நேரம் நான்கு மடங்காகும். 50 செ.மீ. கடக்க 10 நிமிடம் என்றால் 1 மீட்டருக்கு 40 நிமிடம். அதற்குள் ரெசின் இறுகத் தொடங்கிவிட்டால்? நம் ஊர் வெப்பத்தில் ரெசின் இளகி வேகமாக ஓடும். ஆனால் விரைவில் இறுகியும் விடும்.

ஆகவே தூரத்தைக் குறைப்பதே வழி. சுருள் குழாயை நடுவில் வைத்து இருபுறமும் ஓடவிட்டால் தூரம் பாதியாகிறது. துணிகளின் மேல் ஒரு பிளாஸ்டிக் வலையும் விரிக்கலாம். அமெரிக்காவின் வில்லியம் சீமன் 1990இல் காப்புரிமை பெற்ற முறை இத்தகையது. ரெசின் வலை வழியே விரைந்து பரவி, பிறகு கீழே ஊறும். மேலடுக்கு முந்தும், கீழடுக்கு பின்தங்கும். அதனால் வலையை வெற்றிடக் குழாய்க்குச் சில செ.மீ. முன்பே நிறுத்திவிட வேண்டும். அங்கே ரெசின் தயங்க, கீழடுக்கு எட்டிப் பிடித்துவிடும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சிறு இடைவெளிதான்.

விளிம்புகளில்தான் அதிகக் கவனம் தேவை. துணிக்கும் அச்சின் ஓரத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலும் ரெசின் அதில் ஓடி முந்திவிடும். தைப்பூசத்தன்று நெரிசலை விட்டுச் சந்து வழியே போனவர் நமக்கு முன்னால் போய் நிற்பதில்லையா? முந்திய ரெசின் வெற்றிடக் குழாயை அடைத்துவிட்டால், நடுவில் சிக்கிய பகுதியிலுள்ள காற்று வெளியேற வழியில்லை. அது உலர்ந்தே நின்றுவிடும்.

ரெசினைத் திறக்குமுன் பம்ப் பக்கக் குழாயை அடைத்து, அழுத்தமானியைச் சில நிமிடங்கள் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. துணி முழுதும் நனைந்த பிறகு ரெசின் வரும் குழாயை அடைத்துவிடுங்கள். இல்லையேல் அந்தப் பக்கம் தடித்துவிடும். பம்ப்பை மட்டும் ரெசின் இறுகும்வரை நிறுத்தாதீர்கள்.