ஏப்ரல் 1-இல் செலுத்திய பணம் மார்ச் 31 எனப் பதிவாவது ஏன்? கணினி நேரக் கணக்கு குறித்த விளக்கம்

ஏப்ரல் 1-ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு இணையவழியில் செலுத்தப்பட்ட தொகை, ரசீதில் மார்ச் 31 என்று பதிவாகக்கூடும். வேறுபாடு ஒரு நாள்தான் எனினும், நிதியாண்டே மாறிவிடுகிறது. சேமிக்கப்பட்ட நேரத்தைத் தேதியாக மாற்றும் நிரலில் ஒரு சொல் விடுபட்டாலே இவ்வாறு நேரும்.

பல கணினி அமைப்புகள் நேரத்தை நாள், மாதம், ஆண்டு எனச் சேமிப்பதில்லை. 'யுடிசி' எனப்படும் ஒருங்கிணைந்த உலக நேரப்படி, 1970 ஜனவரி 1 நள்ளிரவு முதல் கடந்த விநாடிகளின் எண்ணிக்கையாகவே சேமிக்கின்றன. இது 'யூனிக்ஸ் நேரம்' என அழைக்கப்படுகிறது. இரு நிகழ்வுகளில் எது முந்தியது என்பதை அறிய எண்களை ஒப்பிட்டாலே போதும். ஆனால், அந்த எண்ணில் ஊரைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை.

உதாரணமாக, 170 கோடி என்ற எண் யுடிசி-இல் 2023 நவம்பர் 14, இரவு 10 மணி 13 நிமிடம் 20 விநாடியைக் குறிக்கும். இந்திய நேரம் ஐந்தரை மணி நேரம் முந்தியது என்பதால், அதே கணம் இங்கு நவம்பர் 15, அதிகாலை 3 மணி 43 நிமிடம் 20 விநாடி. நள்ளிரவு முதல் காலை 5.30 மணி வரை இந்தியாவில் நிகழும் எதுவும் யுடிசி-இல் முந்தைய நாளுக்கே உரியது.

பைத்தான் மொழியில் இந்த மாற்றத்தை 'ஃப்ரம்டைம்ஸ்டாம்ப்' என்ற கட்டளை செய்கிறது. நேர மண்டலத்தைக் குறிப்பிடாவிட்டால், நிரல் இயங்கும் கணினியின் நேரத்தையே அது எடுத்துக்கொள்ளும். நிரலாளரின் மடிக்கணினி இந்திய நேரத்தில் இருப்பதால் சோதனையில் விடை சரியாகவே வரும். யுடிசி-இல் அமைக்கப்பட்ட சர்வரில் அதே நிரல் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிவிடும். அங்கும் பகல் நேரப் பரிவர்த்தனைகளில் தேதி மாறாது. ஆகவே, தேதியை மட்டும் அச்சிடும் ரசீதுகளில் பிழை நெடுநாள் கண்ணில் படாமல் போகலாம். 'ஆசியா/கொல்கத்தா' என்ற மண்டலப் பெயரை நிரலில் சேர்த்தால், எந்தக் கணினியிலும் ஒரே விடை கிடைக்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் உள்ள சிக்கல் வேறு. அம்மொழி விநாடிகளை அல்ல, மில்லி விநாடிகளை எதிர்பார்க்கிறது. மேற்கண்ட எண்ணை ஆயிரத்தால் பெருக்காமல் அளித்தால், 1970 ஜனவரி 20 என்ற விடை வரும். இது எவருக்கும் உடனே தெரிந்துவிடும் பிழை என்பதால், ஒரு வகையில் ஆபத்து குறைவு.

ரசீதில் தேதி ஒரு நாள் முந்தியதாக இருந்தால், அதிலுள்ள மணியையும் பார்க்க வேண்டும். உண்மையான நேரத்தைவிட அது சரியாக ஐந்தரை மணி நேரம் குறைவாக இருப்பின், சேமிக்கப்பட்ட எண்ணில் பிழை இல்லை. அது காட்டப்படும் முறையிலேயே பிழை இருக்க வாய்ப்பு அதிகம். அந்த வேறுபாட்டைப் புகாரிலேயே குறிப்பிட்டு, இந்திய நேரப்படியான ரசீதைக் கோரலாம்.