'பொம்பே ட்ரீம்ஸ்': தோற்ற நாடகத்தின் ரசிகர்கள்

வெற்றி பெற்ற நாடகத்துக்கு ரசிகர்கள் இருத்தல் இயல்பு. போட்ட பணம் மூழ்கி, எட்டு மாதங்களில் திரை விழுந்து, அதன் பின்னர் அந்நகரத்துப் பெருமேடை எதிலும் ஏறாது போன நாடகமொன்றை இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் நெஞ்சில் வைத்துப் பேசுவோர் இருக்கின்றனர் எனின் வாசகர்கள் வியப்புறக்கூடும். அந்நாடகத்துக்கு இசையமைத்தவர் ஏ. ஆர். ரஹ்மான் என்பதையும், அவ்வாறு பேசுவோருள் நம்மவரும் உளர் என்பதையும் சேர்த்துக் கூறினால் அவ்வியப்பு சற்றே தணியும்.

நாடகத்தின் பெயர் 'பொம்பே ட்ரீம்ஸ்'. பம்பாய்க் கனவுகள் எனலாம். நான் அதனைக் கண்ணாற் கண்டவனல்லன். கண்டோர் வாயிற் கேட்டவன். பாடல்களை இசைத்தட்டில் கேட்டவன். உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கின்ற எனக்கு, மேனாட்டு இசை நாடகம் என்றதும் இவ்வுதாரணமே முந்தி வந்து நிற்கிறது. ஒட்டுசுட்டானில் இருந்துகொண்டு நியூயோர்க் மேடையைப் பற்றிப் பேசுவதா என நகைப்போர் நகைக்கட்டும். அம்மேடையிற் பாடப்பெற்ற பாடல்களுள் இரண்டு, அந்நகரத்தார் செவியில் விழுவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்னரே எங்களூர்ப் பிள்ளைகளின் வாயில் முணுமுணுக்கப்பட்டவை.

அது எவ்வாறெனக் கூறுவதற்கு முன், அந்நகரத்து நாடகத் தொழிலின் போக்கை அறிதல் வேண்டும். பிராட்வே என்பது நியூயோர்க்கின் மன்ஹாட்டன் பகுதியை ஊடறுத்துச் செல்லும் ஒரு வீதி. அவ்வீதியையும் அதன் குறுக்கு வீதிகளையும் அண்டி 41 பெரிய அரங்குகள் உள்ளன. ஒரு நாடகம் அங்கே வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் நடிக்கப்படும். சீட்டு விற்கும் வரையில் நடக்கும். விற்பனை தளர்ந்து வாரச் செலவு மேலோங்கின் மூடப்படும். கணக்கப்பிள்ளையின் ஏடே அங்கு இறுதி விமர்சகர். போட்ட முதல் திரும்பிவராத நாடகம் எத்தனை நூறு தடவை மேடையேறியிருப்பினும் தோல்வி என்றே பதியப்படும்.

'பொம்பே ட்ரீம்ஸ்' முதலில் மேடையேறியது இலண்டனில். திரைப்பட இயக்குநர் சேகர் கபூரும், மேனாட்டு இசை நாடக உலகிற் பெருஞ்செல்வாக்குடைய அன்ட்ரூ லொயிட் வெபரும் கலந்து பேசியதிற் பிறந்த எண்ணம் அது. வெபர் இயற்கையில் ஓர் இசையமைப்பாளர். எனினும் இந்நாடகத்துக்குத் தாம் இசையமைக்காது, தயாரிப்பாளராக மட்டும் நின்று, சென்னையிலிருந்து ரஹ்மானை அழைத்தார். தம் துறையில் தம்மிலும் இளைய ஒருவருக்கு மேடையை விட்டுக்கொடுத்த அப்பண்பு போற்றத்தக்கது. ஆங்கிலப் பாடல்களை டொன் பிளாக் எழுதினார். கதையையும் உரையாடலையும் மீரா சியால் அமைத்தார். 2002 யூன் 19 இல் அப்பலோ விக்டோரியா அரங்கில் தொடங்கிய நாடகம் 2004 யூன் வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நடந்தது. அங்கே அதனைத் தோல்வி என யாரும் கூறவில்லை.

கதை புதுமையானதன்று. பம்பாய்ச் சேரியொன்றில் வாழும் ஆகாஷ் என்னும் இளைஞன் திரைப்பட நாயகனாகக் கனவு காண்கிறான். திரைப்பட இயக்குநர் ஒருவரின் மகளான பிரியாவை விரும்புகிறான். புகழ் வந்ததும் சேரியை மறக்கிறான். அச்சேரியை இடித்து நிலத்தைக் கவரச் சூழ்ச்சி நடக்கிறது. சுவீட்டி என்னும் திருநங்கை அவனது உயிர்த்தோழி. அவளுடைய மரணம் அவனை மீளவும் தன் மக்களிடம் கொணர்கிறது. நம் கொட்டகைகளில் ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய கதையே என வாசகர் கூறுவர். ஆம், அதுவேதான். நியூயோர்க்கில் வந்த இடையூறும் அங்கேயே தொடங்கிற்று.

இலண்டனிற் பார்த்தோருட் பெருந்தொகையினர் இந்திய, பாகிஸ்தானிய, இலங்கைக் குடும்பத்தினர். மேடையில் மழையென நீர் பாய்ந்து, நனைந்த சேலையுடன் பெண்கள் ஆடிய காட்சி எதைப் பார்த்துச் செய்த விளையாட்டு என்பது அவர்களுக்குத் தெரியும். பரிகாசத்தையும் பரிவையும் ஒருசேர உணர்ந்து சிரித்தனர். அமெரிக்க மக்களுக்கு அம்மூலப் படங்கள் பழக்கமற்றவை. ஆகவே, 'அனி', 'த புரொடியூசர்ஸ்' முதலிய வெற்றி நாடகங்களின் ஆசிரியரான தோமஸ் மீஹனை அழைத்துக் கதையை அவர்களுக்கு ஏற்ப மாற்றினர். புரிய வைப்பதற்காகப் பலவற்றை எளிதாக்கினர். எளிதாக்கியபின் எஞ்சியது சேரி இளைஞனின் பழைய கதை மாத்திரமே என்பது என் அபிப்பிராயம். விளக்கிக் கூறப்பட்ட நகைச்சுவை எங்கே சிரிப்பூட்டியது?

நியூயோர்க்கில் 2004 ஏப்ரில் 29 இல், பிராட்வே என்னும் வீதியின் பெயரையே தன் பெயராகக் கொண்ட 1,700 இருக்கைகளுக்கு மேற்பட்ட அரங்கில் நாடகம் தொடங்கிற்று. செலவு ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது இலட்சம் டொலர். ஆகாஷாக மனு நாராயண், பிரியாவாக அனிஷா நாகராஜன், நட்சத்திர நாயகி ராணியாக ஆயிஷா தர்க்கர், பாட்டியாக, சமையல் நூல்களால் உலகறிந்த மதுர் ஜஃப்ரி ஆகியோர் நடித்தனர். பத்திரிகை விமர்சகர் பலர் கதையைக் குறை கூறினர். வண்ணத்தையும் ஆட்டத்தையும் சிலர் மெச்சினர். அவ்வாண்டின் டோனி விருதுக்கு ஆடலமைப்பு, உடையமைப்பு, வாத்தியக் கோவை என்னும் மூன்று துறைகளில் பெயர் குறிக்கப்பட்டும் ஒன்றேனும் கிட்டவில்லை. ரஹ்மானின் இசை குறிக்கப்படவேயில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2009 இல், அதே பம்பாய்ச் சேரிப் பின்னணியில் எழுந்த வேறொரு படத்துக்காக அவருக்கு இரண்டு ஒஸ்கார் விருதுகள் கிடைத்தன!

284 காட்சிகளுடன் 2005 தை மாதம் முதலாந் திகதி திரை விழுந்தது.

என் பெரியம்மா ஒட்டுசுட்டானிற் பிறந்து, ஐம்பது வயதுக்குப் பின் கடல் கடந்து மகனிடம் சென்றவர். அத்தமையனார் நியூயோர்க்குக்கு அண்மையில் வசிக்கிறார். 2004 கோடையில் தாயாரை அந்நாடகத்துக்கு அழைத்துச் சென்றார். நல்ல இருக்கை ஒன்றுக்கு நூறு டொலர் வரை அறவிட்ட காலம். டொலர் ஒன்று நமது நூறு ரூபாவுக்குச் சமமாக இருந்த காலமும் அது. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துப் பெரியம்மா வாசலிலேயே திரும்ப முற்பட்டாராம். உள்ளே சென்றமர்ந்தும் தொடக்கத்தில் ஆங்கிலம் விளங்காமல் அமைதியாகவே இருந்தார். பின்னர், நீர் பாயும் அக்காட்சியில் வாத்தியங்கள் முழங்கியதும், அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி, "தம்பி, இது எங்கட 'முதல்வன்' பாட்டெல்லோ!" என்று கூவிவிட்டார்.

அவர் கூறியது முற்றிலும் சரி. 'ஷக்கலக்க பேபி' என்னும் அப்பாடல் சங்கரின் 'முதல்வன்' படத்துக்காக ரஹ்மான் அமைத்தது. படம் வந்தது 1999 இல். மற்றது 'சைய சையா'. 1998 இல் வெளிவந்த மணிரத்தினத்தின் 'தில் சே' படத்துப் பாடல். தமிழில் அப்படம் 'உயிரே' என வந்தபோது நாம் அதனைத் 'தையா தையா' என அறிந்தோம்.

அவ்விரு ஆண்டுகளும் எங்களூருக்கு எவ்வகையானவை என்பதை வன்னி வாசகர்க்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 1998 டிசம்பரில் போர் ஒட்டுசுட்டானுக்குள் வந்தது. முத்தையன்கட்டுக் குளத்து நீரை நம்பி விதைத்த வயல்களை விட்டு மக்கள் இடம்பெயர்ந்தனர். 1999 நவம்பரில் ஊர் மறுபடி கைமாறிற்று. வன்னியில் அப்போது மின்சாரம் இல்லை; பற்றறிக்குத் தடை. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற, டைனமோவில் பிறந்த மின்னோட்டத்தில் வானொலி பாடும். சுற்றுபவர் கை ஓய்ந்தால் பாடகரின் குரலும் இழுபடும். புதுப் பாடல் என்றால் கை மாற்றிச் சுற்ற ஆள் காத்திருக்கும். ரஹ்மானின் இசையில் ஆழ்ந்த தாளவோசை அதிகம். அந்தச் சிறு வானொலியில் அது கேட்டிராது. பெரியம்மா அப்பாடலைக் கேட்டது அவ்வாறே. முழு வாத்தியக் கோவையும் மேடையின் கீழிருந்து முழங்க அவர் அதனை முதன்முதலாகக் கேட்டது நியூயோர்க்கில்.

அந்நாடகம் மூடப்பட்ட செய்தி எங்களூரை எட்டவில்லை. எட்டியிருந்தாலும் கேட்க ஒருவருமிலர். முல்லைத்தீவுக் கரையோரத்தை ஆழிப்பேரலை வாரிச் சென்று அன்று ஆறு நாட்களே ஆகியிருந்தன. கரையிலிருந்து தப்பி வந்தோர் பாடசாலைகளில் தங்கியிருந்தனர். பெரியம்மா அந்நாட்களில் தொலைபேசியை விட்டகலாது இருந்தாராம். பல மாதங்கள் சென்ற பின்னரே, அந்த நாடகம் நின்றுவிட்டதா என மகனிடம் ஒரு நாள் வினவினார். நின்றுவிட்டது என அறிந்ததும், "பிள்ளையள் நல்லாத்தானே ஆடினவை" என்று மாத்திரம் கூறினாராம்.

தோற்ற நாடகத்தின் ரசிகர் பேச்சு எப்போதும் இத்தகையதே. தமையனாரிடம் கேட்டேன்: கதை எப்படி? கையை விரித்தார். உரையாடல்? சிரித்தார். எனின் எதனை நினைக்கின்றீர்? "அந்த மேடையில் அத்தனை பேரும் எங்கட முகங்கள்" என்றார். அமெரிக்காவிற் பிறந்து வளர்ந்த தென்னாசியப் பிள்ளைகளுக்கு, கடைக்காரராகவோ வாடகைக்கார் ஓட்டுநராகவோ அன்றி, நாயகனும் நாயகியும் வில்லனும் பாட்டியுமாகத் தம்மவரே நிறைந்த மேடையொன்றைப் பிராட்வேயிற் காண்பது அன்று பெரிய காரியம். குறையை அவர்கள் மறைப்பதில்லை. குறையோடு சேர்த்தே நினைக்கின்றனர்.

இவ்வாறான அபிமானிகள் அந்நகரத்துக்குப் புதியவரல்லர். 1988 இல் 'கேரி' என்னும் இசை நாடகம் ஐந்தே காட்சிகளில் நின்றது. பார்த்தவர் சிலர் களவாகப் பதிவு செய்த ஒலிநாடாக்களைப் பார்க்காதவர் பல்லாண்டுகள் கைமாற்றிக் கேட்டனர். 1981 இல் ஸ்டீபன் சொன்ட்ஹைமின் 'மெரிலி வீ ரோல் அலோங்' 16 காட்சிகளுடன் மூடப்பட்டது. மூடிய மறுநாளே அந்நடிகர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடிப் பாடல்களைப் பதிந்தனர். அவ்விசைத்தட்டே நாடகத்தைக் காப்பாற்றிற்று எனலாம். 2023 இல் அது பிராட்வேக்கு மீண்டு, 2024 இல் சிறந்த மீள்தயாரிப்புக்கான டோனி விருதையும் பெற்றது. 'பொம்பே ட்ரீம்ஸ்' நாடகத்துக்கு 2002 இன் இலண்டன் நடிகர் இசைத்தட்டு உண்டு. நியூயோர்க் நடிகர்களின் குரலுக்கு அவ்வாறு ஒரு தட்டு வெளிவரவில்லை. மனு நாராயண் பாடியதைக் கேட்டவர் காதிலேயே அது தங்கிவிட்டது. 2006 இல் வேறொரு குழு அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் நாடகத்தை நடித்துச் சென்றது, அத்துடன் சரி.

நம் கூத்துக்களை எண்ணிப் பார்க்கின்றேன். காத்தவராயன் கூத்தை நேர்த்திக்காக ஆடுவர். மாதக்கணக்கில் அண்ணாவியார் பழக்குவார். ஓர் இரவு விடிய விடிய ஆடி முடித்தால் அடுத்த ஆண்டே மீண்டும் பேச்சு. முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் அத்தகையதே. சீட்டு விற்பதில்லை, ஆகவே மூடுவதும் இல்லை. 284 காட்சிகள் ஆடுவதாயின் எங்களூரில் வயலுழ ஆளிராது. மறுபுறம், 1988 முதல் 2023 வரை 13,981 காட்சிகள் கண்ட 'த பாண்டம் ஒப் த ஒப்பெரா' என்னும் வெபரின் நாடகமும் ஈற்றில் மூடப்படவே செய்தது. ஆயினும் கூத்தை அரங்கத் தொழிலோடு ஒப்பிட்டு நம்மை நாமே மெச்சிக்கொள்வதை நான் விரும்பவில்லை. அண்ணாவியாரும் முதுமையடைகிறார், பழக வரும் இளைஞரும் குறைகின்றனர். அங்கே வாத்தியக்காரருக்கு வாரச் சம்பளம் உண்டு. இங்கே மத்தளக்காரருக்குச் சால்வையும் சாப்பாடும்.

பாடல்களைக் கேட்க விரும்புவோர் இலண்டன் இசைத்தட்டைத் தேடுக. இப்போது கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது. முதலில் ஆகாஷ் பாடும் 'த ஜேர்னி ஹோம்' என்பதைக் கேட்கலாம். புகழைத் தேடிச் சென்றவன் வீடு நோக்கித் திரும்பும் பாடல். பின்னர் 'ஷக்கலக்க பேபி' ஆங்கிலத்தில். உடனடியாக 'முதல்வன்' படத்திலுள்ள தமிழ்ப் பாடல். படத்துக்கு எழுந்த மெட்டு மேடைக்கு வரும்போது எங்கெங்கு நீண்டது, எங்கே சுருங்கிற்று என்பதைக் குறித்து வருமாறு இம்முறை என் வகுப்பு மாணவரைக் கேட்டிருக்கிறேன். ஒரு மாணவி பெரியம்மாவைப் போலவே கூவினாள். மற்றவர் இன்னும் குறிப்பேடு தரவில்லை.