மொழியாய்வில் புள்ளியியற் சோதனை முடிவுகளைப் பொருள்கொள்ளல்

சொல்வழக்கு, கிளைமொழி வேறுபாடு, நூலாசிரியர் நடை ஆகியவற்றை ஆராய்வோர் தம் தரவுகளைப் புள்ளியியற் சோதனைக்கு உட்படுத்துவதுண்டு. கணக்கீடு எளிது, அது தரும் எண்ணுக்குப் பொருள் காண்பதிலேயே பிழைகள் நேர்கின்றன. அவற்றுள் மூன்றை இக்கட்டுரை விளக்குகிறது.

1. நிகழ்தகவு எதனுடையது?

ரொனால்டு ஃபிஷர் 1935இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்பு பற்றிய நூலில் ஒரு தேநீர்ச் சோதனையை விவரிக்கிறார். கோப்பையில் முதலில் ஊற்றப்பட்டது பாலா, தேநீரா எனச் சுவைத்தே கூற இயலும் என்கிறார் ஒரு பெண்மணி. நான்கு கோப்பைகளில் பாலும் நான்கில் தேநீரும் முதலில் ஊற்றப்பெற்று, எட்டும் வரிசை கலைத்துத் தரப்படுகின்றன. எட்டிலிருந்து நான்கைத் தெரிந்தெடுக்கும் வழிகள் 70. எனவே வெறும் ஊகத்தால் அனைத்தையும் சரியாகக் கூறும் நிகழ்தகவு 1/70. அதாவது ஏறத்தாழ 0.014. 'அவருக்கு அத்திறன் இல்லை' என்னும் இன்மைக் கருதுகோள் உண்மையாயின் இம்முடிவு கிட்டுவதற்குரிய வாய்ப்பே இது. அக்கருதுகோளே உண்மையாயிருப்பதற்குரிய வாய்ப்பு 0.014 எனக் கொள்வது தவறு.

2. மறுக்க இயலாமை மெய்ப்பிப்பு ஆகாது

பால் முதலில் ஊற்றிய நான்கனுள் மூன்றையே அவர் இனங்கண்டார் எனக் கொள்வோம். மூன்றோ நான்கோ ஊகத்தால் சரியாக அமையும் நிகழ்தகவு 17/70, ஏறத்தாழ 0.24. இது வழக்கமான 0.05 என்னும் எல்லையினும் மிகுதியாதலின் இன்மைக் கருதுகோளை மறுக்க இயலாது. எனினும் திறனின்மை மெய்ப்பிக்கப்பட்டதாகாது. எட்டே கோப்பைகளில் மிதமான திறன் புலப்படாது போகலாம். தகவலாளர் சிலரை மட்டும் கொண்டு 'இரு வட்டார வழக்குகளிடையே வேறுபாடு இல்லை' என முடிவு செய்வதும் இத்தகையதே.

3. வேறுபாட்டின் அளவு

ஒரு சொல் பத்தாயிரம் சொற்கள் கொண்ட ஒரு பனுவலில் 50 முறையும், அதே அளவுடைய மற்றொன்றில் 60 முறையும் வருவதாகக் கொள்க. கை-வர்க்க மதிப்பு ஏறத்தாழ 0.9, இது 0.05 நிலைக்குரிய 3.84ஐ எட்டவில்லை. பனுவல்கள் பத்து இலட்சம் சொற்களாக விரிந்து, எண்ணிக்கை 5000, 6000 என அமையின் அம்மதிப்பு ஏறத்தாழ 91 ஆகிறது. ஆயினும் வேறுபாடு ஆயிரம் சொற்களுக்கு ஒன்று என்பதில் மாற்றமில்லை; மாறியது தரவின் அளவே. மேலும், இச்சோதனை ஒவ்வொரு வருகையையும் தனித்ததாகக் கொள்கிறது. பனுவலிலோ ஒரு சொல் தோன்றிய பகுதியிலேயே மீண்டும் தோன்றுதல் இயல்பு. எனவே சான்று உள்ளதினும் வலியதாகத் தோன்றக்கூடும்.

முடிவுரை

நிகழ்தகவு மதிப்பு விளைவின் அளவையோ முதன்மையையோ அளப்பதன்று என அமெரிக்கப் புள்ளியியற் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கையும் வலியுறுத்துகிறது. ஆதலின், 'வேறுபாடு உண்டு' என்னும் ஒருசொல் தீர்ப்போடு ஆய்வாளர் அமையாது, எண்ணிக்கை, விகிதம், தரவின் அளவு, நம்பிக்கை இடைவெளி ஆகியவற்றையும் உடன் தருதல் வேண்டும். அவ்வேறுபாடு மொழியமைப்பில் எதனைக் காட்டுகிறது என்னும் வினாவிற்கு விடை காண்பது ஆய்வாளரின் கடனே.