பதினெட்டாயிரம் ரூபாவுக்கு வாங்கிய பாடம்

இரத்தினபுரியில் கடை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று கடன் கணக்கு, மற்றது களு கங்கையின் கணக்கு. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்யும் ஊர் இது. 2003ஆம் ஆண்டு மே மாத வெள்ளத்தில் எங்கள் வீதியில் பலர் கடைச் சரக்கை முழுதாக இழந்தோம். அதன் பிறகுதான் வியாபாரிகள் சிலர் பணம் சேர்த்து, பேருவளையில் ஒரு பழைய படகையும் இரண்டு சிலிண்டர் அவுட்போர்ட் மோட்டாரையும் வாங்கினோம். உதிரிப்பாகக் கடைக்காரன் என்பதால் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

2017 மே 26ஆம் திகதி. நோன்பு தொடங்க இருந்த நேரம். ஈத்தம்பழம், சீனி, மா என்று கடைகளில் சரக்கு நிறைந்திருந்தது. விடியற்காலையில் ஆறு வீதிக்கு ஏறிவிட்டது. மோட்டாரைப் படகில் பூட்டிக் கயிற்றை இழுத்தோம். நாற்பது தடவையாவது இழுத்திருப்போம். ஒரு இருமல்கூட இல்லை. கடைசியில் துடுப்புப் போட்டு, கயிறு கட்டி, வயதானவர்கள் இருந்த இரண்டு வீடுகளுக்கு மட்டுமே போய்ச் சேர முடிந்தது. சரக்கை நினைக்கவே நேரமில்லை. மூன்றாவது வீட்டாரைக் கடற்படைப் படகு வரும்வரை கூரையில் காத்திருக்க வைத்தோம். அந்த மணித்தியாலங்களை நான் இன்றும் மறக்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் மோட்டாரைக் கழற்றினோம். தீப்பொறி வரவில்லை. "சீடிஐ போய்விட்டது" என்று ஒருவர் சொன்னார். நானும் யோசிக்காமல் கொழும்பில் 18,000 ரூபா கொடுத்து வாங்கிப் பூட்டினேன். அப்போதும் தீப்பொறி இல்லை. மின்சாரப் பாகத்தை ஒருமுறை பூட்டினால் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். நானே எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன்!

பிறகு பேருவளையிலிருந்து ஒரு வயதான பாஸ் வந்தார். மூடியைத் திறந்தார், நிறுத்தும் சுவிட்சிலிருந்து வரும் வயர் ஒன்றைக் கழற்றினார், கயிற்றை இழுத்தார். நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று பொறி பறந்தது.

"சீடிஐக்கு எவ்வளவு குடுத்தீங்க நானா?"

"பதினெட்டு."

"இந்த வயர ஒருக்காக் கழட்டிப் பாத்திருந்தாப் போதுமே."

சுவிட்சின் உள்ளே துருப்பிடித்து, மின்சாரம் எப்போதும் மோட்டாரின் உடம்புக்கே போய்க்கொண்டிருந்தது. அதாவது, யாரோ இடைவிடாமல் 'நிறுத்து' பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த மாதிரி.

அன்று அவர் சொல்லித்தந்த ஒழுங்கை இங்கே தருகிறேன். மாணிக்கக் குழிகளில் தண்ணீர் இறைக்கும் பெற்றோல் பம்பு, தோட்டங்களில் புல் வெட்டும் இயந்திரம், கடை ஜெனரேட்டர் ஆகியவற்றுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

முதலாவது, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெற்றோலில் நனைந்திருந்தால் எண்ணெய் வருகிறது, எரியவில்லை என்று பொருள். காய்ந்திருந்தால் முதலில் எண்ணெய்ப் பாதையைப் பாருங்கள். புதுப் பிளக்கின் விலை குறைவு. ஆனால் கம்பனிப் புத்தகத்தில் உள்ள இலக்கத்தையே வாங்க வேண்டும்.

இரண்டாவது, பிளக்கை அதன் தொப்பியில் மாட்டி, உலோகப் பகுதி எஞ்சினின் உடம்பில் நன்றாகப் படும்படி இறுக்கி வைத்து, கயிற்றை வேகமாக இழுங்கள். நிழலில் வைத்துப் பாருங்கள். நீலப் பொறி நல்லது, மங்கிய மஞ்சள் பொறி பலவீனம். பிளக் துவாரத்திலிருந்து பெற்றோல் ஆவி வரும். எனவே பொறியைத் துவாரத்துக்குத் தூரமாக வையுங்கள். பிளக்கைக் கையால் பிடிக்கவே வேண்டாம்.

மூன்றாவது, இரண்டு சிலிண்டரில் ஒன்றில் மட்டும் பொறி இல்லையென்றால் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கொயில், வயர், தொப்பியில்தான் குறை. இரண்டிலுமே இல்லையென்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைத் தேடுங்கள். முதலில் நிறுத்தும் சுவிட்சின் வயரைக் கழற்றிச் சோதியுங்கள். அது கழன்றிருக்கும்போது மோட்டார் இயங்கிவிட்டால் சுவிட்சால் நிறுத்த முடியாது. சோதனை முடிந்ததும் கட்டாயம் மாட்டிவிடுங்கள்.

நான்காவது, எர்த் வயர்களும் இணைப்புகளும். எங்கள் ஊர் ஈரத்தில் அவை பச்சை பூத்துவிடும். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள்.

ஐந்தாவது, இதற்குப் பிறகுதான் மீற்றரை எடுத்துக் கொயில்களை அளந்து, புத்தகத்து அளவோடு ஒப்பிட வேண்டும். சீடிஐ இல்லாத மிகப் பழைய மோட்டார்களில் பிளைவீலுக்குக் கீழே பொயின்ட்டும் கண்டென்சரும் இருக்கும். பொயின்ட்டில் படிந்த கறையைத் துடைத்து, இடைவெளியைப் புத்தகப்படி வைக்க வேண்டும். பிளைவீலைச் சுத்தியலால் அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் காந்தம் வெடித்துவிடும். அதற்கென்று புல்லர் இருக்கிறது.

சீடிஐ கடைசி. விலை கூடியதும் அதுதான், சாதாரண மீற்றரால் முழுதாகச் சோதிக்க முடியாததும் அதுதான். மற்ற எல்லாம் சரியென்று தெரிந்த பிறகே அதில் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு தவறும் என்னுடையதுதான். வாங்கிய மோட்டாரை வருடக் கணக்கில் மூடி வைத்திருந்தேன். இப்போது மாதம் ஒருமுறை பீப்பாய்த் தண்ணீரில் இறக்கி இயக்குகிறோம். தண்ணீரில்லாமல் இயக்கினால் அதன் தண்ணீர்ப் பம்பு கெட்டுவிடும். இயக்கிய திகதியைச் சுவரில் மாட்டிய அட்டையில் எழுதுகிறோம். ஒரு மாதம் தவறினால் யார் தவறினார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கடையிலும் ஒரு மாற்றம் செய்தேன். யாராவது கொயிலோ சீடிஐயோ கேட்டு வந்தால், "ஸ்டொப் வயரைக் கழற்றிப் பார்த்தீர்களா?" என்று முதலில் கேட்கிறேன். சிலர் பார்க்கப் போய்த் திரும்பி வருவதில்லை. அன்றைய வியாபாரம் போய்விடும்தான். ஆனால் அடுத்த தடவை ஒரு பிளக் வேண்டுமென்றாலும் அவர்கள் வேறு கடைக்குப் போவதில்லை.