தோட்டத்துச் சிலந்தியின் சாப்பாடு

திருத்தணியில் வீட்டுக்குப் பின்னால் நாலு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை, ஓரத்தில் ஒரு மாமரம் இருந்தால், மழை பெய்து பச்சை தழைத்ததும் சிலந்திகளும் தென்படத் தொடங்கும். அதிகம் கண்ணில் படுவது மஞ்சள் பட்டை போட்ட ஆர்ஜியோப். வட்ட வலையின் நடுவில் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டு பெருக்கல் குறி போலத் தலைகீழாகத் தொங்கும்.

அதற்குப் பார்வை மங்கல். வலை அதிர்வதை வைத்தே என்ன சிக்கியது, எங்கே சிக்கியது என்று அறிகிறது. வெட்டுக்கிளி, ஈ, தேனீ, அந்துப்பூச்சி எதுவானாலும் சரி. ஓடிப்போய், பெரும்பாலும் நூலால் சுற்றிக் கட்டிவிட்டுக் கடிக்கும். அதன் பிறகு நடப்பதுதான் விசித்திரம். சிலந்தியால் கட்டியான உணவை விழுங்க முடியாது. செரிமான நீரை இரையின் மேல் கக்கி, உள்ளிருக்கும் சதையை வெளியிலேயே கரைத்து, குழம்பானதை உறிஞ்சிக்கொள்கிறது. வலைக்கடியில் கிடக்கும் சக்கைகள் அந்த விருந்தின் மிச்சம். வட்ட வலை பின்னும் சிலந்திகள் பல, பழைய வலையையும் தின்றுவிடும். நூல் முழுக்கப் புரதம், வீணாக்குவானேன்? அதில் ஒட்டியிருந்த மகரந்தமும் சேர்ந்தே உள்ளே போகும். தன்னைவிட மிகப் பெரிய பெண்ணை நாடி வரும் ஆண் ஆர்ஜியோப்பும் சில சமயம் இந்தச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

எல்லாச் சிலந்தியும் வலை கட்டிக் காத்திருப்பதில்லை. சுவரில் திரியும் குதிக்கும் சிலந்தி, முன்பக்கத்து இரண்டு பெரிய கண்களால் ஈயை அளந்து பார்த்துப் பாயும். நண்டுச் சிலந்தி பூவுக்குள் ஒளிந்திருந்து தன்னைவிடப் பெரிய தேனீயையே பிடிக்கும். மாமரப் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் ஹெர்சிலியா, எறும்போ அந்துப்பூச்சியோ அருகில் வந்தால் அதைச் சுற்றிச் சுற்றி ஓடி நூலால் மரத்தோடு கட்டிப்போடும். அசையாமல் நின்று தேடினால் ஒழிய கண்ணுக்குத் தெரியாது.

ஆந்திரப் பக்கத்து வறண்ட முட்புதர்களில் இன்னொரு வகை உண்டு. ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம் என்னும் கூட்டுச் சிலந்தி. சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பகுதியில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே கூட்டில் பல சிலந்திகள் வாழ்ந்து, தனியாளாக அடக்க முடியாத பெரிய பூச்சியைச் சேர்ந்து வீழ்த்திப் பங்கிட்டுத் தின்னும். குஞ்சுகளுக்கு முதலில் தாய் தான் தின்றதைக் கக்கி ஊட்டுகிறது. கடைசியில் குஞ்சுகள் தாயையே உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன.

நெல் வயலில் சிலந்தியின் பசிக்கு விலையே உண்டு. வலை பின்னாமல் தூர்களுக்கிடையே ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்திக்குப் புகையான் பூச்சியும் பச்சைத் தத்துப்பூச்சியும் பிடித்த இரை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையில் இது எண்ணாகவே இடம்பெற்றிருக்கிறது: சிலந்தி இல்லாத வயலில் ஒரு தூருக்கு 1 புகையான் கண்டாலே நடவடிக்கை எடுக்க வேண்டும், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் 2 வரை பொறுக்கலாம். கண்டபடி மருந்தடித்தால் சிலந்தியும் சாகும், தப்பிய புகையான் முன்னைவிட வேகமாகப் பெருகும்.

உலகச் சிலந்திகள் அனைத்தும் ஆண்டுக்கு 40 முதல் 80 கோடி டன் இரையைத் தின்பதாக 2017-இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும்பங்கு காடுகளிலும் புல்வெளிகளிலும்தான். அடிக்கடி உழுது, அறுத்து, மருந்தடிக்கும் நிலத்தின் பங்கு மிகக் குறைவு. வீட்டுத் தோட்டத்துச் சிலந்திக்கு நாம் உணவு வைக்க வேண்டியதில்லை. இரை கிடைக்காவிட்டாலும் பல நாள் தாங்கும். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும்போது வலையில் தங்கும் துளிகளைக் குடித்துக்கொள்ளும். தேனீயையும் பட்டாம்பூச்சியையும் அது விட்டுவைக்காது என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும். வலைக்கு நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்ற பேதம் கிடையாது.