மோட்டார் போகவில்லை, கைக்குட்டைதான் போயிருந்தது!

எங்கள் வீட்டு வாஷிங் மெஷின், துவைக்க ஒரு தொட்டி, பிழிய ஒரு தொட்டி என்று உள்ள செமி ஆட்டோமேட்டிக் வகை. 2011 தீபாவளிக்கு, நான் மாதாமாதம் கட்டிய சீட்டுப் பணத்தில் வாங்கியது. பன்னிரண்டு வருஷமாக ஒரு நாள் கூட மக்கர் செய்ததில்லை. ஆனால், எப்போது தேவையோ அப்போது பார்த்துத்தானே இதெல்லாம் படுத்துக்கொள்ளும்?

2023 ஐப்பசி மாதம். என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருந்தார். தினமும் மூன்று, நான்கு பெட்ஷீட் நனையும். வெளியே விடாத மழை. அந்த நேரத்தில்தான், துவைத்த தண்ணீரை வெளியேற்றத் திருகைத் திருப்பினால், நூல் மாதிரி ஒழுகியது. பிழியும் தொட்டியோ 'ஙொய்ங்...' என்று முனகியதே தவிர சுற்றவில்லை.

என் கணவர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் மெஷினைச் சாய்த்துத் தண்ணீரையெல்லாம் கவிழ்த்துக் கொட்டினார். பின்பக்கத்தைக் கழற்றி என்னவோ செய்தார். காலித் தொட்டியை ஓடவிட்டார். விர்ரென்று சுற்றியது.

"மூடி சுவிட்ச்தான்க்கா தகராறு. அதை டைரக்டா குடுத்துட்டேன். பிரேக்கையும் கழட்டி விட்டுட்டேன். இனி தொந்தரவே இருக்காது" என்று 450 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். எனக்கும் சந்தோஷம்தான்.

அன்று சாயங்காலம் சின்னத் துணிகளைப் பிழியப் போட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்தால், நாலு வயது மகள் ஸ்டூலைப் போட்டு ஏறி, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே கூடை முழு வேகத்தில் சுற்றுகிறது! "அம்மா, என் சட்டை" என்று கையை நீட்டுகிறாள். ஓடிப்போய் அவளை அப்படியே தூக்கிவிட்டேன். ஒரு விநாடி தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

மூடியைத் திறந்தால் மின்சாரம் நிற்க ஒரு சுவிட்ச், கூடை நிற்க ஒரு பிரேக். இரண்டும் பிள்ளைகளின் கைக்காக வைத்தவை. இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் 'ரிப்பேர்' என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் பெட்ஷீட் போட்டேன். பழைய கதைதான். தண்ணீர் போகவில்லை, தொட்டி சுற்றவில்லை. போனில் கேட்டதற்கு, "அப்போ மோட்டார் போச்சுக்கா. மூவாயிரம் ஆகும். அதுக்குப் புதுசே வாங்கிடலாம்" என்றார். ஆஸ்பத்திரிச் செலவுக்கே நகையை அடகு வைத்திருந்தோம். புதுசுக்கு எங்கே போவது? பெட்ஷீட்டையெல்லாம் கையால் துவைத்து, முறுக்க முடியாமல், சொட்டச் சொட்ட வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்டேன். வீடு முழுக்க ஈர வாடை.

நாலாம் நாள் ஒன்றைக் கவனித்தேன். மாமியார் தலைமாட்டில் வைத்த சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. "என்னத்தை, தண்ணியே குடிக்கலையா?" என்றேன். "தாகமில்ல தாயி" என்றார். உதடு வெடித்திருந்தது. வற்புறுத்திக் கேட்டதும், "குடிச்சா துணி நனையுது. நீயும் எத்தனைதான் துவைப்ப?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று மதியம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனசில் ஒரே கேள்வி. மோட்டார் போயிருந்தால் காலித் தொட்டியும் சுற்றக்கூடாதே? தண்ணீரைக் கவிழ்த்ததும் பறந்ததே!

டார்ச் அடித்துப் பார்த்தேன். பிழியும் கூடைக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. அதாவது, கூடை தண்ணீருக்குள் நின்றுகொண்டு சுற்றப் பார்க்கிறது. எப்படி முடியும்? எங்கள் மெஷினில் இரண்டு தொட்டித் தண்ணீரும் கீழே ஒரே குழாய் வழியாகத்தான் வெளியேறும். அது அடைத்தால், துவைத்த தண்ணீர் பிழியும் தொட்டிக்கு ஏறிவிடும். நோய் ஓரிடம், வலி வேறிடம்!

தொட்டித் தண்ணீரைக் குவளையால் மொண்டு கொட்டினேன். மெஷினை நகர்த்தி, குழாயின் கிளிப்பைக் குறடால் தளர்த்திக் கழற்றினேன். மிச்சத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. விரலை விட்டால் துணி தட்டுப்பட்டது. மெல்ல இழுத்தேன். என் மகள் எல்.கே.ஜி. சேர்ந்த புதிதில் சட்டையில் ஊக்கு குத்தி அனுப்பிய கைக்குட்டை! ஊக்கு துருப்பிடித்து அதிலேயே இருந்தது. அதைச் சுற்றி நூல் பிசிறு, தலைமுடி, எங்கள் ஊர் உப்புத் தண்ணீரில் கரையாத சோப்புத் தூள் எல்லாம் சேர்ந்து களிமண் உருண்டையாகக் கிடந்தது.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் குழாயை மாட்டினேன். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் குபுகுபுவென்று போனது. ஆனாலும் உடனே ஓட்டவில்லை. தெரிந்த எலக்ட்ரீஷியனை வரவழைத்து, மூடி சுவிட்சையும் பிரேக்கையும் பழையபடி பொருத்தச் சொன்னேன். கூலி 300 ரூபாய். அதன் பிறகு மூன்று பெட்ஷீட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிழிந்து வந்தன.

பழைய மெஷின் வைத்திருக்கும் தோழிகளே, மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இவற்றைப் பாருங்கள்:

* முதல் வேலை, பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஈரக் கை, ஈரத் தரை கூடாது.

* செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் தண்ணீர் தானாகப் பள்ளம் நோக்கித்தான் போகும். வெளிக் குழாய் மடங்கியோ, படி மேல் ஏறியோ இருந்தால் வெளியேறாது.

* திருகைத் திருப்பியும் துவைக்கும் தொட்டி மட்டும் வடியவில்லை என்றால், அடியிலுள்ள ரப்பர் அடைப்பானைத் தூக்கும் பட்டையோ கம்பியோ அறுந்திருக்கலாம். மாறாக, துவைக்கும்போதே தண்ணீர் ஒழுகினால் அந்த ரப்பரில் அழுக்கு சிக்கியிருக்கலாம்.

* தண்ணீர் நன்றாக வடிந்தும் சுற்றவில்லையா? மூடி சரியாக மூடியிருக்கிறதா, துணி ஒரு பக்கமாகக் குவிந்திருக்கிறதா, கூடைக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். துணியை அமுக்கிச் சமமாக வைத்து, உள்மூடியைப் போட்ட பிறகே ஓட்டுங்கள். என் கைக்குட்டை விழுந்ததே உள்மூடி போடாத சோம்பலால்தான்!

* மூடி திறந்திருக்கையில் கூடை கையால் சுற்ற இறுக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம். அது பிரேக் பிடித்திருக்கிறது.

* தண்ணீர் இல்லாமலேயே 'ஙொய்ங்' என்று முனகினால், வோல்டேஜ் குறைவாக இருக்கலாம்; பிரேக் விடாமல் இருக்கலாம்; கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம். உடனே அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். கெப்பாசிட்டரைத் தொடவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். அது தெரிந்தவர் வேலை.

* முன்பக்கக் கதவு உள்ள மெஷின் பம்ப் வைத்துத் தண்ணீரை வெளியேற்றுவது. பெரும்பாலும் முன்னால் அடியில் சின்ன மூடிக்குள் வடிகட்டி இருக்கும். தண்ணீர் ஆறிய பிறகு, கீழே தட்டு வைத்து, மெதுவாகத் திருகித் திறந்தால் காசும் ஹூக்கும் கிடைக்கும்.

* யார் சொன்னாலும் மூடி சுவிட்சை 'டைரக்ட்' கொடுக்க விடாதீர்கள்.

இப்போதெல்லாம் பாக்கெட்டைத் துழாவி, ஊக்குகளைக் கழற்றிய பிறகுதான் துணியைப் போடுகிறேன். சாக்ஸ், கைக்குட்டை எல்லாம் வலைப் பையில். சோப்புத் தூளை ஒரு மக் தண்ணீரில் கரைத்தே ஊற்றுகிறேன்.

அன்று ராத்திரி, காய்ந்த பெட்ஷீட்டை விரித்துவிட்டு மாமியாருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினேன். முழுசாகக் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் குடு தாயி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே எத்தனை தடவை வேண்டுமானாலும் குழாயைக் கழற்றலாம் என்று தோன்றியது.

- ஒரு வாசகி, அருப்புக்கோட்டை.